அழித்தலும் எஞ்சுதலும்: கலைக்குறிப்பேட்டுப் பக்கங்களின் மறு ஆக்கம்

முன்னுரை

நாட்குறிப்பு என்பது அன்றன்று எழுதி முடிக்கப்பெறும் எழுத்து வகையாகும். எழுதிய நாள் கழிந்தபின் அப்பக்கத்தைத் திருத்துவது நாட்குறிப்பின் நம்பகத்தன்மையைக் குறைக்கும் என்பது பொதுவான கருத்து. ஆனால் எழுத்தும் ஓவியமும் ஒட்டுத்தாளும் ஒருங்கே இடம்பெறும் கலைக்குறிப்பேடு இக்கருத்திற்கு உடன்படுவதில்லை. அதில் ஒரு பக்கம் சில மாதங்கள் கழித்தோ, சில ஆண்டுகள் கழித்தோ மீண்டும் திறக்கப்பெறுகிறது. முன்பு எழுதியதன்மேல் வண்ணம் பூசப்பெறுகிறது. வண்ணத்தின்மேல் வேறு சொற்கள் எழுதப்பெறுகின்றன. இவ்வாறு திரும்பத் திரும்ப ஆக்கப்பெறும் பக்கத்தை எவ்வாறு வாசிப்பது? முதலில் எழுதியது பனுவலா, இறுதியில் எஞ்சியது பனுவலா? இவ்வினாவை மையமாகக் கொண்டு இக்கட்டுரை அமைகின்றது.

கலைக்குறிப்பேடு பெரும்பாலும் பொழுதுபோக்காகவே மேற்கொள்ளப்படுவது. அதனால் இலக்கியத் திறனாய்வும் ஓவியத் திறனாய்வும் அதனைத் தத்தம் எல்லைக்குப் புறம்பானதாகக் கருதி விலக்கியுள்ளன. எனினும் இப்பொழுதுபோக்கின் அடிப்படைச் செயல்களான மூடல், ஒட்டல், எஞ்சவிடல் ஆகியவை பெரும் கலைஞர்களின் ஏடுகளிலும் காணப்படுகின்றன. இரவீந்திரநாத் தாகூரின் 'பூரபி' கையெழுத்துப்படி, மெக்சிகோ ஓவியர் ஃபிரிதா காலோவின் நாட்குறிப்பு, இங்கிலாந்து ஓவியர் டாம் பிலிப்ஸின் 'எ ஹ்யூமுமென்ட்' ஆகிய மூன்றும் இங்குச் சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன.

1. பக்கத்தின் ஆக்கமுறை

கலைக்குறிப்பேட்டை ஆக்குவோர் புதிய ஏட்டையும் பயன்படுத்துவர். பழைய அச்சுநூலையும் பயன்படுத்துவர். மெல்லிய தாள்கள் ஈரத்தைத் தாங்கா ஆதலின் இரண்டு மூன்று தாள்களை ஒன்றாக ஒட்டித் தடிப்பாக்குவதுண்டு. அதன்மேல் ஜெசோ எனப்படும் வெண்பூச்சு பூசப்பெறும். செய்தித்தாள் துண்டு, பயணச்சீட்டு, கடிதவுறை, துணி, அஞ்சல்தலை முதலியன பசையால் ஒட்டப்பெறும். அதன்மேல் அக்ரிலிக் வண்ணமோ நீர்வண்ணமோ இடப்பெறும். இறுதியில் பேனாவாலோ முத்திரையாலோ சொற்கள் சேர்க்கப்பெறும். இவ்வரிசை கட்டாயமானதன்று, சொற்கள் முதலில் எழுதப்பெற்று ஏனையவை பின்னர் வருவதும் பெருவழக்கு.

இச்செய்முறையில் திறனாய்வாளர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. எந்தப் படலம் எஞ்சும், எது மறையும் என்பதை ஆக்குவோரின் விருப்பத்தோடு பொருளின் இயல்பும் சேர்ந்தே முடிவு செய்கின்றது. அக்ரிலிக் வண்ணம் உலர்ந்தபின் நீரில் கரையாது; அதன்மேல் எத்தனை முறை பூசினும் அடிப்படலம் அப்படியே இருக்கும். நீர்வண்ணமோ மீண்டும் ஈரம் பட்டால் நெகிழ்ந்து மேற்படலத்தோடு கலந்துவிடும். ஜெசோ கெட்டியாகப் பூசப்பெற்றால் அடியிலுள்ளதை முற்றிலும் மறைக்கும். நீர் கலந்து மெலிதாகப் பூசப்பெற்றால் மங்கலாகக் காட்டும். செய்தித்தாள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே பழுப்பேறும். எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள அக்ரிலிக் படலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடுமாதலின் இடையே மெழுகுத்தாள் வைப்பர். வையாதபோது ஒரு பக்கத்தின் தோல் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே கலைக்குறிப்பேட்டின் பக்கம் ஆக்கியவர் கைவிட்ட பின்னரும் மாறிக்கொண்டிருப்பதாகும்.

2. எழுதி மறைத்தல்

இப்பொழுதுபோக்கில் பரவலாகக் காணப்படும் ஒரு வழக்கம் தனித்து நோக்கத்தக்கது. துயரம், சினம், பிறரிடம் சொல்லவியலாத செய்தி ஆகியவற்றை முதலில் பக்கம் முழுவதும் எழுதி, அதன்பின் அவ்வெழுத்தை வண்ணத்தால் மூடிவிடுதலே அது. எழுதியவருக்கு மட்டும் அடியில் என்ன உள்ளது என்பது தெரியும். காண்போருக்கு ஒரு நீலப்பரப்பும் ஆங்காங்கே எழும்பித் தெரியும் எழுத்தின் கால்களுமே கிட்டும்.

நாட்குறிப்பின் இலக்கணப்படி பார்த்தால் இது முரண்பாடாகும். பதிவு செய்வதற்காகவே எழுதப்பெறுவது நாட்குறிப்பு. இங்கோ மறைப்பதற்காக எழுதப்பெறுகின்றது. எனினும் மறைத்தல் வேறு, அழித்தல் வேறு. தாளைக் கிழித்து எரித்தவர் அச்செய்தியே இல்லையென்றாக்குகிறார். அதன்மேல் வண்ணம் பூசியவரோ அச்செய்தி இருந்தது என்பதைப் பக்கத்தின் கனத்திலேயே பாதுகாக்கிறார். மறு ஆக்கம் என்பதன் உயிர்நிலை இவ்வேறுபாட்டில்தான் உள்ளது. பின்வரும் மூன்று சான்றுகளும் இவ்வேறுபாட்டை மூன்று வகையில் விளக்குவன.

3. தாகூர்: அடித்தல் உருவாதல்

1924ஆம் ஆண்டு பெரு நாட்டிற்குப் பயணம் மேற்கொண்ட தாகூர் வழியில் நோயுற்று, அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள சான் இசித்ரோவில் தங்க நேர்ந்தது. எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ அவரைப் பேணினார். அக்காலத்தில் அவர் எழுதிவந்த கவிதைகள் 1925இல் 'பூரபி' என்னும் தொகுப்பில் வெளிவந்தன. அக்கவிதைகள் எழுதப்பெற்ற ஏட்டைக் கண்ட ஒகாம்போவைக் கவிதைகளோடு அவற்றிடையே இருந்த உருவங்களும் ஈர்த்தன.

தாகூர் வேண்டாத சொல்லையோ அடியையோ அடித்துவிட்டு மேலே செல்வதோடு அமையவில்லை. அடித்த கோட்டைத் தடிப்பாக்கினார். அதனைப் பக்கத்திலிருந்த மற்றோர் அடித்தலோடு வளைகோட்டால் இணைத்தார். இணைந்தவை அலகும் கழுத்தும் கண்ணும் பெற்றுப் பறவைகளாகவும் பெயரறியா விலங்குகளாகவும் முகங்களாகவும் மாறின. அடித்த கோடுகள் தம்மை மீட்குமாறு முறையிடுவனபோல் தமக்குத் தோன்றின என்னும் பொருள்பட அவரே பின்னர் எழுதியுள்ளார். இவ்வாறு கவிதைத் திருத்தத்தின் ஓரத்தில் விளையாட்டாகத் தொடங்கியது 1928 அளவில் தனி ஓவிய முயற்சியாக வளர்ந்தது. 1930 மே மாதத்தில் ஒகாம்போவின் முயற்சியால் பாரிசின் பிகால் கலைக்கூடத்தில் அவருடைய ஓவியங்களின் முதற் காட்சி நடைபெற்றது. ஓவியக் கல்லூரியில் பயிலாத ஒருவர் அறுபது வயதைக் கடந்தபின் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட படங்களை ஆக்கினார் என்பதும், அதன் ஊற்று கையெழுத்து ஏடே என்பதும் பொழுதுபோக்கு என்னும் சொல்லை எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை என்பதைக் காட்டும்.

எனினும் 'பூரபி' ஏட்டைப் புகழ்ந்துரைப்பதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. இங்கு உருவம் பிறப்பது சொல்லின் இழப்பிலிருந்து. பல இடங்களில் மை மிகக் கனமாகப் படிந்திருப்பதால் அடியிலுள்ள சொல்லைப் படிக்க இயலவில்லை. பாடத்தைத் தேடுவோருக்கு அது இழப்பே. ஆனால் பக்கத்தை முழுமையாக நோக்குவோருக்கு வேறொன்று புலப்படும். அடிக்கப்பெறாது எஞ்சிய அடிகள் கருமையான உருவங்களுக்கிடையே தீவுகள்போல் மிதக்கின்றன. எந்த அடி எவ்வளவு போராட்டத்திற்குப்பின் நிலைபெற்றது என்பதை அச்சிட்ட தொகுப்புக் காட்டாது; ஏட்டின் பக்கம் காட்டும். அச்சில் எல்லா அடிகளும் ஒரே எளிமையுடன் பிறந்தவைபோல் நிற்கின்றன.

4. காலோ: கறையும் கிழிப்பும்

ஃபிரிதா காலோ 1907இல் பிறந்து 1954 ஜூலையில் மறைந்தவர். 1925இல் நேர்ந்த பேருந்து விபத்து அவர் உடலை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. 1953இல் வலக்கால் முழங்காலுக்குக் கீழே வெட்டி நீக்கப்பெற்றது. ஏறத்தாழ வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளில் அவர் எழுதியும் வரைந்தும் வந்த ஏடு கொயோவகானிலுள்ள அவரது நீலவீட்டில், இன்றைய காலோ அருங்காட்சியகத்தில், பாதுகாக்கப்பெற்றது. அதன் உருவ நகல் 1995இல் நூலாக வெளியிடப்பெற்றது.

அவர் தீட்டிய தன்னுருவப் படங்கள் நன்கு திட்டமிட்டு, நுண்தூரிகையால் முடிக்கப்பெற்றவை. நாட்குறிப்பு அதற்கு நேர்மாறானது. வண்ண மை, பென்சில், வண்ணக்கட்டி, ஒட்டுப்படம் ஆகியன ஒரே ஏட்டில் கலந்துள்ளன. சிந்திய மைக்கறை துடைக்கப்பெறாமல் ஒரு முகமாகவோ விலங்காகவோ வளர்க்கப்பெறுகிறது. தாகூரிடம் உருவத்திற்கு வித்து பிழை. காலோவிடம் வித்து தற்செயல். முன்னவர் தாமே செய்த திருத்தத்தை மீட்கிறார். பின்னவர் தமக்கு நேர்ந்ததை ஏற்று அதற்கு வடிவம் தருகிறார். உடலுக்கு நேர்ந்த விபத்தும் தாளுக்கு நேர்ந்த கறையும் ஒன்றல்ல. அவற்றை ஒன்றாக்கி உருக்கமாகப் பேசுவது எளிய வாசிப்பு. ஆயினும் நேர்ந்துவிட்டதை நீக்காமல் அதிலிருந்தே தொடர்வது என்னும் செயல்முறை இவ்வேட்டில் திரும்பத் திரும்ப நிகழ்வதை மறுக்க இயலாது.

இவ்வேட்டில் சில பக்கங்கள் இன்று இல்லை. அவை கிழித்து அகற்றப்பெற்றுள்ளன. மூடுதலுக்கும் கிழித்தலுக்கும் முன்னர்ச் சுட்டிய வேறுபாடு இங்குத் தெளிவாகின்றது. கறையை முகமாக்கிய பக்கத்தில் கறையும் உள்ளது, முகமும் உள்ளது. கிழித்த பக்கம் இருந்த இடத்தில் தாளின் விளிம்பு மட்டுமே உள்ளது. முன்னது வாசிப்பிற்கு உரியது. பின்னதைப் பற்றி ஊகம் மட்டுமே செய்யலாம்.

5. பிலிப்ஸ்: கரந்துறையும் பனுவல்

1966இல் டாம் பிலிப்ஸ் இலண்டனின் பெக்கம் பகுதியில் பழம்பொருள் விற்குமிடமொன்றில் மூன்று பென்னி விலைக்கு ஒரு பழைய நாவலை வாங்கினார். அது டபிள்யூ. எச். மல்லாக் என்பார் 1892இல் வெளியிட்ட 'எ ஹ்யூமன் டாக்குமென்ட்' என்பது. வில்லியம் பரோஸின் வெட்டியொட்டும் எழுத்துமுறையால் தூண்டப்பெற்ற பிலிப்ஸ், அந்நாவலின் ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்களை மட்டும் விட்டுவிட்டு ஏனையவற்றை மையாலும் வண்ணத்தாலும் ஒட்டுத்தாளாலும் மூடினார். எஞ்சிய சொற்களிடையே அச்சுப்பக்கத்தின் வெற்றிடங்கள் ஆற்றைப்போல் வளைந்து ஓடி அவற்றை இணைத்தன. தாளை மடித்துத் தலைப்பின் நடுவெழுத்துகளை மறைத்ததால் 'எ ஹ்யூமுமென்ட்' என்னும் புதுப்பெயர் பிறந்தது. கதைத்தலைவனின் குடும்பப்பெயரோ 'டுகெதர்', 'ஆல்டுகெதர்' என்னும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளிலிருந்து மட்டுமே கிடைப்பது. ஆகவே மல்லாக்கின் பக்கத்தில் அச்சொற்கள் வந்தாலன்றி அவன் தோன்ற இயலாது.

இப்பணி வீண்முயற்சியாக முடியுமானால் பகற்பொழுதை இழந்ததாக வருந்த நேருமே என்று கருதி, தொடக்கத்தில் மாலைப்பொழுதுகளில் மட்டுமே பிலிப்ஸ் இதில் ஈடுபட்டார். பொழுதுபோக்கின் எல்லைக்குள் தொடங்கிய அப்பணி ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. 1980இல் பொதுப்பதிப்பு வந்தது. அதன்பின் 1987, 1997, 2005, 2012, 2016 எனப் புதிய பதிப்புகள் வந்தன. ஒவ்வொரு பதிப்பிலும் சில பக்கங்கள் புதிதாக ஆக்கப்பெற்றன. 2016இல் வெளிவந்த இறுதிப் பதிப்போடு 367 பக்கங்களின் மறு ஆக்கமும் நிறைவுற்றது. பிலிப்ஸ் 2022இல் மறைந்தார்.

தமிழ் அணியிலக்கணம் அறிந்தோருக்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. தண்டியலங்காரம் சொல்லணியியலில் கூறும் மிறைக்கவிகளுள் கரந்துறைச் செய்யுள் ஒன்று. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள்ளேயே மற்றொரு செய்யுள் மறைந்திருந்து, தேர்ந்தெடுப்போருக்கு வெளிப்படுவது அது. மேற்பரப்பில் ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரு பனுவல்கள் ஒரே இடத்தில் வாழ்தல் என்னும் அளவில் இரண்டும் ஒத்தன. ஆனால் வேறுபாடும் உண்டு. கரந்துறைச் செய்யுளில் மறைத்து வைத்தவரும் புலவரே. வெளிப்படுத்துவோர் அவர் வைத்ததையே எடுக்கின்றனர். 'எ ஹ்யூமுமென்ட்'டில் மல்லாக் எதையும் மறைத்து வைக்கவில்லை. பின்வந்த வாசகர் ஒருவர் தம் தேர்வினால் இல்லாத ஒன்றை உண்டாக்குகிறார். முன்னது புலமையின் சோதனை. பின்னது வாசிப்பின் உரிமை. ஒரே பக்கத்திலிருந்து பிலிப்ஸ் இரண்டாம் முறை வேறொரு கவிதையை எடுத்தது, உள்ளே இருந்தது ஒன்றே என்னும் எண்ணத்தை மறுக்கின்றது.

இங்கே ஒரு குறையும் சுட்டத்தக்கது. பிலிப்ஸின் முதல் ஆக்கம் மறு ஆக்கத்தால் அழியவில்லை. முந்தைய பதிப்புகளில் அது அச்சாகியுள்ளது. மறு ஆக்கத்திற்கு அவர் அதே நாவலின் வேறு படிகளைப் பயன்படுத்த முடிந்தது. கலைக்குறிப்பேட்டைப் பொழுதுபோக்காகக் கொண்டவருக்கு இருப்பது ஒரே ஏடு, ஒரே பக்கம். அவர் புதிதாகச் சேர்ப்பது ஒவ்வொன்றும் பழையதன் மீதே அமைய வேண்டும். எனவே துணிவு மிகுதியாகத் தேவைப்படுவது புகழ்பெற்ற கலைஞருக்கன்று. பெயரறியாத அவ்வேட்டுக்காரருக்கே எனலாம்.

6. பாடபேதமும் படலமும்

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த தமிழறிஞர்கள் பாடபேதங்களைப் போற்றினர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது முதல் பிரதிகளை ஒப்புநோக்குதல் தமிழ்ப் பதிப்பியலின் உயர்ந்த நெறியாக விளங்கி வருகின்றது. ஆனால் அந்நெறி பல பிரதிகளுக்கிடையேயான வேறுபாட்டை நோக்கி அமைந்தது. ஒரே பக்கத்திற்குள் ஒருவரே உண்டாக்கிய வேறுபாடு அதன் முதன்மைக் கவனத்தில் இல்லை. இக்கால எழுத்தாளர் ஒருவரின் கையெழுத்துப்படி கிடைக்குமாயின் அதிலிருந்து இறுதிப் பாடத்தைத் தட்டச்சு செய்துகொண்டபின் ஏடு பயன் முடிந்ததாகக் கருதப்படும் நிலை நேர்கிறது. அடித்தல், ஓரத்துப் படம், ஒட்டிய தாள், மை ஊறிய பின்பக்கம் ஆகியன பாடத்திற்குப் புறம்பானவையாகத் தள்ளப்படுகின்றன.

இதற்கு மாற்றான முயற்சிக்கு 'பிசித்ரா' சான்றாகும். யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டுப் பனுவல்கள் மற்றும் பதிவுகள் புலம் 2013இல் வெளியிட்ட இம்மின்தொகுப்பில் தாகூரின் கையெழுத்துப்படிகளின் உருவப்படங்களும் அவற்றின் எழுத்துப்பெயர்ப்புகளும் அச்சுப்பதிப்புகளும் ஒருங்கே தரப்பெற்றுள்ளன. வடிவங்களை ஒப்பிட அதில் அமைந்த மென்பொருளுக்குப் 'பிரபேத்' என்று பெயர். பாடபேதம் என்பதிலுள்ள பேதமே அப்பெயரிலும் உள்ளது. எழுத்துப்பெயர்ப்பு மட்டும் இருப்பின் அடிக்கப்பெற்ற சொல் ஒரு குறியீடாகச் சுருங்கும். உருவப்படமும் உடன் இருப்பதால் அது பறவையாகவும் நிற்கின்றது. சொல்லையும் உருவையும் பிரிக்காது காட்டும் இம்முறையே கலைக்குறிப்பேடுகளுக்கும் ஏற்றதாகும்.

ஆயினும் இங்கு ஓர் அறவியல் சிக்கல் எழுகின்றது. வண்ணத்தின் அடியிலுள்ள எழுத்தைக் கண்ணுக்குப் புலனாகாத ஒளிக்கதிர்களால் படித்தறியும் கருவிகள் இன்று உள்ளன. பழஞ்சுவடிகளில் அவை பெரும்பயன் தந்துள்ளன. இடைக்காலத் துறவி ஒருவர் தோலேட்டிலிருந்து சுரண்டி நீக்கிய பழம் பாடத்தை மீட்பது அறிவுலகிற்குப் பேறு. அதனை எழுதியவர் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தாமே எழுதித் தாமே மூடிய ஒருவரின் பக்கத்தில் அக்கருவியைச் செலுத்துவது மீட்பாகாது. அங்கு மூடுதலே அவர் செய்த இறுதித் திருத்தம். மறைந்திருத்தல் அப்பக்கத்தின் பொருளில் ஒரு பகுதி. மேற்படலத்தை நீக்கிப் படிப்பவர் பனுவலின் ஆழத்தை அடைவதில்லை, பனுவலையே கலைத்துவிடுகிறார். படலம் ஒன்று உள்ளது என்று குறிப்பது ஆய்வாளரின் கடமை. அதனை உரித்துக் காண்பது அவருடைய உரிமையன்று.

மறு ஆக்கம் செய்வோருக்கும் இதே நெறி வேறொரு முகத்தால் பொருந்தும். விரும்பாத பக்கத்தைக் கெட்டியான வெண்பூச்சால் முழுமையாக மூடி அதனை வெற்றுத்தாளாக்கிப் புதிதாகத் தொடங்குவது இப்பொழுதுபோக்கில் எளிதாகப் பரிந்துரைக்கப்படும் வழி. எழுத்தின் ஒரு காலோ பழைய வண்ணத்தின் ஓர் ஓரமோ தெரியாதபடி அவ்வாறு செய்தால், கிடைப்பது புதிய பக்கமே. மறுபடி ஆக்கிய பக்கமன்று. துயரத்தை மூடுவோர்கூட அதன் மேடுபள்ளத்தை விட்டுவைக்கின்றனர். அழகு குன்றியது என்பதற்காக மட்டும் மூடுவோர் அதனையும் தேய்த்துச் சமன்செய்கின்றனர். முதலாவது செயலில் நினைவு உண்டு. இரண்டாவதில் நேர்த்தி மட்டுமே உண்டு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

மறு ஆக்கத்தை அழித்தலிலிருந்து வேறுபடுத்துவது எஞ்சுதலாகும். தாகூரின் ஏட்டில் பிழை உருவமாக எஞ்சியது. காலோவின் ஏட்டில் கறை முகமாக எஞ்சியது. பிலிப்ஸின் நூலில் பிறர் சொல் புதுக்கவிதையாக எஞ்சியது.

பொழுதுபோக்கு என்னும் அடையாளம் ஒரு பக்கத்தின் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை. 'பூரபி' ஏட்டின் ஓரங்களும் பிலிப்ஸின் மாலைப்பொழுதுகளும் அவ்வடையாளத்தின் கீழ்த் தொடங்கியவையே.

கையெழுத்து ஏட்டிலிருந்து இறுதிப் பாடத்தை மட்டும் பிரித்தெடுப்பது அப்பாடம் உருவான வரலாற்றை இழக்கச் செய்யும். உருவப்படமும் எழுத்துப்பெயர்ப்பும் இணைந்த பதிவே தகுந்தது. எழுதியவரே மறைத்ததை மறைந்ததாகவே வாசிக்கும் அடக்கமும் அப்பதிவிற்கு வேண்டும்.

நாட்குறிப்பின் உண்மை எழுதிய அந்த நாளோடு முடிந்துவிடுகிறது என்னும் கருத்து மறு ஆய்விற்குரியது. ஒருவர் தாம் எழுதிய பக்கத்திற்கு ஐந்தாண்டு கழித்துத் திரும்பி வந்து அதன்மேல் ஒரு கோடு வரைவாராயின், அக்கோடும் ஒரு நாளின் பதிவே. முதல் நாளும் அந்நாளும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதைப் படிக்கக் கற்பதே இவ்வேடுகள் திறனாய்வாளரிடம் வேண்டுவது.